ரப்பர் இல்லாத பை

என் ஓரகத்தி சும்மா சிரிக்கிறவள் இல்லை. பென்சில், பேனா வாங்கப் போன கடையில் அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபோதே நான் உஷாராகிவிட்டேன்.

வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் நாங்கள். வேலையும் ஒரே ஆடை நிறுவனத்தில், துணி வெட்டுவது. மாடியில் உடை வரைகிற அறையில் ஓர் இடம் காலியாகியிருந்தது. பதினோரு வருடம் நின்றே வெட்டி என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. அந்த நாற்காலி எனக்கு வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கும்தான். மறுநாள் தேர்வு. ஒரு பெண் வந்து பத்து விதமாக நிற்பாள், பார்த்து வரைய வேண்டும்.

ஓரகத்தி தனக்கு 2பி, 6பி பென்சில்களும், மாவு மாதிரி பிசையக்கூடிய ரப்பர் ஒன்றும் எடுத்துக்கொண்டாள். என் கையில் இரண்டு கறுப்புப் பேனாக்களைத் திணித்தாள்.

"உனக்கு இது போதும். ரப்பர் வாங்காத."

"தப்பாப் போட்டா என்னக்கா பண்றது?"

"ஒரு நிலைக்கு ஒரு நிமிஷம்தானாம். அழிக்க ஏது நேரம்?"

"அப்போ உங்களுக்கு மட்டும் எதுக்கு?"

"ரப்பர் இல்லன்னா எனக்குக் கை ஓடாது. நீ துணியில சாக்பீஸால ஒரே இழுப்புல கோடு போடறவ. உன் கை வேற."

நன்றாகக் காதில் பூச்சுற்றினாள். பேனாவில் கோணலாகப் போட்ட மூக்கு கடைசிவரை கோணல்தானே? போதாக்குறைக்கு இருவருக்கும் ஒரே மாதிரி நீலப் பை வேறு.

காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பைகளில் இருந்ததை இடம் மாற்றினேன். மனம் உறுத்தவே இல்லை.

தேர்வில் அந்தப் பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள். தோள் இறங்கிவிட்டது, அழித்தேன். தோளைத் தூக்கினால் கழுத்தைக் காணோம், அழித்தேன். அதற்குள் மணி அடித்து அவள் திரும்பி நின்றுவிட்டாள். கையில் ரப்பர் இருந்தால் அழிக்கத்தான் தோன்றுகிறது. பத்துத் தாளில் எனக்குத் தேறியது மூன்று தலை, ஒரு முதுகு. மிச்சமெல்லாம் கரி.

ஓரகத்தி பையைத் திறந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் நிமிரவே இல்லை. பத்துத் தாளிலும் பத்துப் பெண்கள், கோணல்மாணலாக, ஆனால் முழுசாக நின்றார்கள்.

நாற்காலி அவளுக்குப் போனது.

மாலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீதானே மாத்தி வச்ச? நான் ரப்பரைக் கட்டிக்கிட்டே உக்காந்திருப்பேன்னு தெரிஞ்சு உன் பேனாவை எனக்குக் கொடுத்துட்டியே. கூடப் பிறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா."

நிஜமாகத்தான் சொல்கிறாளா, குத்திக் காட்டுகிறாளா? முகத்தை உற்று உற்றுப் பார்த்தும் பிடிபடவில்லை. "ஆமாக்கா" என்றேன், வேறென்ன சொல்ல?

போன வாரம் மேலே சொல்லி, என் வெட்டு மேசைக்கு ஓர் உயரமான முக்காலி வாங்கிக் கொடுத்தாள். அதன் கால்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

இன்னும் நின்றுகொண்டுதான் வெட்டுகிறேன்.