விட்டுப்போன வட்டம்

எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் இருபத்தேழு வட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிள்ளையின் ரோல் நம்பர், போன மாதம் காய்ச்சலில் படுத்த தேதி. யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியிருக்கும் என்று அம்பு போடுவதுதான் வேலை. முதலில் ஒரு தம்ளரில் மட்டும் மை கலந்து, தண்ணீரைத் தம்ளருக்குத் தம்ளர் மாற்றி மாற்றி ஊற்றித்தான் அறிவியல் டீச்சர் தொற்று பரவுவதைக் காட்டினாள். "தம்ளர் எதுக்கு மிஸ், நம்ம காய்ச்சலுக்கே மாடல் போடலாம்" என்று பிடிவாதம் பிடித்தது பிள்ளைகள்தான். டீச்சரின் பார்வை தானாகக் கடைசி பெஞ்சுக்குப் போயிற்று. அங்கே நெட்டை உட்கார்ந்திருந்தாள். வகுப்பிலேயே உயரமானவள். அவளோடு வீட்டுக்குப் போன காய்ச்சல், ஒன்பதே நாளில் அவள் அம்மாவைக் கொண்டுபோயிருந்தது.

"போடுங்க மிஸ்," என்றாள் அவள். "எனக்கும் தெரியணும்."

மூன்று பீரியட் ஓடியது. போட்டார்கள், அழித்தார்கள், சண்டை பிடித்தார்கள். தேதியோடு ஒத்துவராவிட்டால் மாடலைத்தான் மாற்ற வேண்டும், தேதியை அல்ல என்று டீச்சர் ஒன்றுக்குப் பத்துத் தடவை சொல்லியிருந்தாள். இன்று அம்புகளெல்லாம் பின்னோக்கிப் போய் ஐந்து வட்டங்களில் முட்டி நின்றன.

"இடிக்குது மிஸ்," என்றான் வாயாடி. எதிலும் முந்திக்கொள்ளும் முதல் பெஞ்சுக்காரன். "இந்த அஞ்சு பேரும் ஒரே நாள் படுத்திருக்காங்க. ஆளுக்கொரு மூலை, ஒருத்தருக்கொருத்தர் பேச்சே கிடையாது. நடுவுல ஒரு வட்டம் விட்டுப்போச்சு."

"கூட்டுற ஆயாவா இருக்கும்டா. எப்பப் பாரு இருமிக்கிட்டே இருக்கும்ல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வகுப்பே ஆமாம் போட்டது. வாயாடி நடுவில் வட்டம் போட சாக்பீஸைத் தூக்கிவிட்டான்.

அந்த ஐந்து எண்களைப் பார்த்ததுமே டீச்சருக்குப் புரிந்துவிட்டிருந்தது. அந்த ஐந்து பேரும் படுத்ததற்கு மூன்று நாள் முன்பு அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. லீவு கேட்டு போன் செய்ததற்கு, "பரீட்சை நேரத்துல லீவா? ஒரு மாத்திரையப் போட்டுட்டு வந்துருங்கம்மா" என்றார் தலைமையாசிரியர். போட்டுக்கொண்டு வந்தாள். நோட்டு முடிக்காத ஐந்து பேரை ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்காரவைத்து, தலையோடு தலை வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகள் தேதி எடுத்த மாணவர் வருகைப் பதிவேட்டில் டீச்சர் பெயர் கிடையாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாரும் கேட்கப் போவதில்லை. பேச்சு ஆபீஸ் வரை போனால் ஆயாவுக்கு நாளைக்கு வேலை இருக்காது, அவ்வளவுதான்.

"ஆயா இல்ல," என்றாள். "நான்தான். காய்ச்சலோட வந்தேன். இந்த அஞ்சு பேரும் அன்னிக்கு எம் பக்கத்துல உக்காந்திருந்தாங்க."

நெட்டை எழுந்து வந்து வாயாடியின் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினாள். நடுவில் வட்டம் போட்டு 'மிஸ்' என்று எழுதினாள். அதிலிருந்து ஐந்து அம்புகள்.

"உங்களுக்கு யாருகிட்டேருந்து வந்துச்சு மிஸ்?"

"தெரியலம்மா."

நெட்டை தலையாட்டிக்கொண்டாள். பிறகு தன் எண்ணிலிருந்து பலகையின் ஓரம்வரை ஒரு நீளமான அம்பு இழுத்து, அதன் முனையில் இன்னொரு வட்டம் போட்டாள்.

"செத்துப்போனவங்களுக்கு என்ன குறி மிஸ்? அதப் பத்தி நாம பேசவே இல்லியே."

நெட்டை பதிலுக்குக் காத்திராமல் அந்த வட்டத்தின் உள்ளே சாக்பீஸைப் படுக்கவைத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். சாக்பீஸ் உடைந்தது. கையில் இருந்த துண்டால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.