நாக்கு நீளமானவன்

எடைக்காரனின் நாக்கு வளர ஆரம்பித்தது, உருளைக்கிழங்கு மலிவாகக் கிடைத்த வருடத்தில். கல்குவாரியில் லாரிகளுக்கு எடை பார்ப்பது அவன் வேலை. உட்கார நாற்காலி உண்டு, தலைக்கு மேல் மின்விசிறி உண்டு. அதே குவாரியில் அவன் மனைவி வெயிலில் கல் உடைத்தாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது சம்மட்டி கையில் இருக்காது. அதன் அதிர்வு மட்டும் தோள்வரை இருக்கும். அந்தக் கையோடுதான் கிழங்கு நறுக்கி அடுப்பேற்றினாள். தன் தட்டை ஆவி அடங்குமுன் ஒருநாள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. கல்யாணமான நாளிலிருந்து அது நடக்கவில்லை.

நடக்காததற்குக் காரணம் எடைக்காரனின் ஞானம். முதல் வாயிலேயே தட்டைத் தள்ளுவான். "இது வறுவல் இல்லடி, வதக்கல்."

"ரெண்டும் கெழங்குதாங்க."

"வதக்கல்னா மெத்துனு இருக்கும். வறுவல்னா ஓரம் முறுகணும். தம்பி பொண்டாட்டி கையில பாரு, என்னா பக்குவம்."

அவள் எழுந்து திரும்ப அடுப்பை மூட்டி, ஓரம் முறுகும்வரை நிற்பாள். அதற்குள் அவள் தட்டு ஆறிச் சவுத்துப்போயிருக்கும். ஊரில் அவனை நாக்கு நீளமானவன் என்றார்கள். அது கேலி என்று அவனுக்கு உறைக்கவில்லை, பட்டமாக எடுத்துக்கொண்டான். நாக்கும் அப்படியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தீர்ப்புக்கும் நகக்கண் அளவு வளர்ந்தது.

ஒரு மழையில் எதிர்வீட்டில் தம்பி மனைவியின் அடுப்பு இடிந்தது. அவளும் கல் உடைப்பவள்தான். அன்று இரண்டு பேரும் இவள் அடுப்பில் ஒரே வாணலியில் சமைத்து, ஆளுக்கொரு தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்தார்கள். இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் தின்று கண்ணை மூடினான். "இது வதக்கல். இதுதான் வறுவல். எடை போட்டுச் சொல்றேன், மாத்தமே கெடையாது." தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் அடுப்படியில் நின்ற நிற்பெல்லாம் மொத்தமாக அவள் காலில் வலித்தது. அன்று நாக்கு முகவாயைத் தாண்டியது.

கம்பவுண்டர் பார்த்துவிட்டு, நோயில்லை, நல்ல நிறம் என்றார். எடை பார்க்க நாக்கு எதற்கு என்று மேஸ்திரியும் விட்டுவிட்டார். அவன் அதைச் சுருட்டி மேசைமேல் வைத்து, தூசிக்கு ஈரத்துணி போர்த்தி வேலை பார்த்தான். நாளடைவில் பேச்சு போனது. தட்டைத் தள்ளக் கை இருந்தது.

ஒரு சாயங்காலம் தள்ளினான். அவள் எழுந்திருக்கவில்லை. "வறுவல் வேணும்னா அது இருக்கற எடத்துக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டிலிருந்து ஒரு கிழங்குத் துண்டை எடுத்தாள்.

அவன் அசையவில்லை. நாக்குப் போனது. ஜன்னல் கம்பி வழியாக இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டுப் படியேறியது. சைக்கிளில் வந்தவர் மணியடித்துப் பார்த்தார், பிறகு இறங்கி வண்டியைத் தூக்கிக் கடந்தார்.

"அக்கா, உங்க வீட்டு நாக்கு வந்திருக்கு. என்ன பண்ண?"

"மிச்சம் மீதி இருந்தாப் போடு."

"காலைல செஞ்சதுதான் கெடக்கு. சவுத்துப்போச்சு."

"வறுவல்னு சொல்லிப் போடு. தின்னும்."

தின்றது. மனைவி தட்டில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. முதல் வாய் அவள் நாக்கைச் சுட்டது. ஊதி ஊதித் தின்றாள்.

அந்தத் தெருவில் சாயங்காலம் நடப்பவர்கள் நாக்கு கிடக்கும் இடத்தில் காலைத் தூக்கி வைப்பது வழக்கமாகிவிட்டது. மழை வந்தால் யாராவது குரல் கொடுப்பார்கள். அவள் வந்து சுருட்டி உள்ளே போடுவாள், சாப்பிட்டு முடித்த பிறகு.