விங்லெட் வைத்த விமானம்

இசக்கிதுரையின் விமானம் இதுவரை பறந்ததில்லை. என்ஜினும் வந்து சேரவில்லை. ஆனால் இறக்கை நுனிகளில் மேல்நோக்கி வளைந்து நிற்கும் விங்லெட் இல்லாததுதான் அதன் ஒரே குறை என்று அவர் கருதினார். நெடும்பாசேரி விமான நிலையத்தில் இறங்குகிற பெரிய விமானங்களுக்கெல்லாம் அது இருக்கிறதே!

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கில்தான் அவர் விமானம் கட்டிவந்தார். விங்லெட்டுகளைப் பசை ஊற்றி ஒட்டி, கல்லாய் இறுகும்வரை பக்கத்தில் விசிறி வைத்தார்.

"பெட்ரோல் நூத்துக்கு அஞ்சு சதமானம் மிச்சம்," என்றார் மனைவி அமுதவள்ளியிடம்.

"பறக்காததால இப்பவே நூறும் மிச்சந்தான். சாயாவ குடிங்க."

ஞாயிறு மாலை விமானத்தை வீதியில் நிறுத்தி உத்காடனம் என்னும் திறப்பு விழா. குடியிருப்போர் சங்கத் தலைவர் நீலகண்டன் விளக்கேற்றுவார். "வள்ளமா கட்டுறீரு?" என்று படகாக நினைத்துக் கேட்டவர்கள் அன்றைக்காவது அதை விமானம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இசக்கிதுரைக்கு வேறு ஆசையில்லை.

ஞாயிறு மதியம், சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகளோடு அவர்கள் மேஸ்திரி சிஜு வந்தான். வாசலையொட்டிய சந்தில், கழற்றினாலும் இறக்கை திரும்பாது. முன்பு, விங்லெட் ஒட்டாத காலத்தில், சுவரிலுள்ள குறுகிய நீள ஜன்னல் வழியே படுக்கவைத்துத்தான் உள்ளே தள்ளியிருந்தார்கள். இப்போதும் அப்படியே வெளியே தள்ளினார்கள். வழுக்கிக்கொண்டு போன இறக்கை, கடைசியில் விங்லெட் சுவரில் முட்டி நின்றது.

"சேட்டா, இது போவாது. வாள் உண்டு. அந்தக் கொம்ப அறுத்துரட்டா?" என்றான் சிஜு.

"கொம்பா? அதுக்கு முன்னால என் கழுத்த அறுடா!" இசக்கிதுரை விங்லெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எறக்க இல்லாம உடம்ப மட்டும் உருட்டிட்டுப் போலாமே?"

"ஆட்டோன்னு சொல்லுவானுவ!"

அமுதவள்ளி ஜன்னலைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். "கழுத்தும் வேண்டாம், கொம்பும் வேண்டாம். எறக்கைய மாட்டுங்க. விளக்க உள்ள வைப்போம்."

மாட்டி முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. ஊரே கிடங்குக்குள் நெரிந்தது. நீலகண்டன் தகரக் கூரையைப் பார்த்துக் கைநீட்டி, எழுதி வந்தபடியே, "இந்தப் பரந்த வானத்தின் கீழ்..." என்று தொடங்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை, நனைந்த குடையை எங்கே வைப்பது என்பதே எல்லோர் கவலையும்.

முதலில் விங்லெட்டில் குடையை மாட்டியவர் நீலகண்டன்தான். பிறகு வரிசையாக எல்லோரும். விங்லெட் இரண்டிலும் குடைகள் தொங்கிச் சொட்டின.

"எடோ, என் குடை எங்க?" என்றது ஒரு குரல்.

"விமானத்தோட எடது எறக்கையில கெடக்கு, பாரு!" என்றது இன்னொன்று.

இசக்கிதுரை அமுதவள்ளியின் கையைக் கிள்ளினார். "கேட்டியா? விமானம்ங்கான்."

"கேட்டேன். வலது பக்கம் பாரம் கூடுது, ரெண்டு குடைய எடது பக்கம் மாத்துங்க."

அவர் பரம திருப்தியோடு குடைகளை மாற்றி மாட்டப் போனார்.