இடது மிதவை

கவிழ்ந்த விமானத்தை நிமிர்த்திக் கரைக்கு இழுத்துப்போட்ட மறுநாள், அதைக் கழுவ வரும்படி சுபாஜினிக்கு ஆபீஸிலிருந்து கோல் வந்தது. கொழும்பு விசாரணைக்காரர்கள் நாளைக்குத்தான் வருகிறார்கள். அவர்கள் பார்ப்பதற்கு முன்னால் எதற்குக் கழுவ வேண்டும்? ஹுன்னஸ்கிரியவிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் அவளை அரித்தது.

நீர்த்தேக்கத்து இறங்குதுறையில் அவள் கூட்டித் துடைப்பவள். தண்ணீரில் இறங்கும் அந்த நாலு இருக்கைத் தனியார் விமானத்தின் மிதவைகளுக்குள் தேங்கும் தண்ணீரை இறைத்து விடுவதும் ஒரு வருடமாக அவள் தலையில்தான் விழுந்திருந்தது. மிதவைக்குள் வரிசையாகச் சிறு அறைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளை. அதை அடைக்க ஒரு ரப்பர் பந்து. பந்தைப் பிடுங்கி, கைப்பம்பைச் செருகி இழுக்க வேண்டும். மற்ற அறைகளில் நாலு இழுப்புக்குள் காற்றுதான் வரும். இடது மிதவையின் மூன்றாவது அறை மட்டும் போன மாதம் பத்து இழுப்பு கேட்டது, பிறகு முப்பது, கடைசியில் அறுபது.

"சேர், இது எங்கயோ ஒழுகுது," என்று இஞ்ஜினியரிடம் இரண்டு தரம் சொன்னாள். அடுத்த கிழமை பசை போடலாம், அதுவரை பம்ப் பண்ணிவிடு என்றார் அவர் சிங்களத்தில். "ஹரி சேர்," என்று அவளும் சிங்களத்திலேயே சரி சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அறுபது இழுப்பும் இழுத்தாள். விருந்தாளிகள் வந்து சேர்ந்தது ஒன்பதுக்கு. மறுபடி இறைக்கப் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடியவளை, நேரமில்லை என்று இஞ்ஜினியர் கையசைத்துத் துரத்தினார். தண்ணீரில் ஓடிய விமானம் இடது பக்கம் சாய்ந்து, இறக்கை குத்திக் கவிழ்ந்தது. பைலட் இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

சேற்றை வழித்துக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் படகோட்டி பாரூக் கயிறு சுற்றுகிற சாக்கில் பக்கத்தில் வந்தார்.

"நேத்து அந்திக்கு இஞ்ஜினியர் தனிய வந்திட்டுப் போனாரு."

"எதுக்கு நானா?"

"நான் ஒண்டும் காணல்ல. எனக்கும் புள்ளைகள் ஈக்கிது. நீங்க சைன் மட்டும் வச்சிராதீங்க தங்கச்சி." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

சுபாஜினி இடது மிதவையின் அடிப்பக்கம் குனிந்தாள். எங்கும் அப்பியிருந்த சேறு, மூன்றாவது அறைக்குக் கீழே ஒரு சாண் அளவுக்கு மட்டும் துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. தகடுகள் சேரும் இடத்தில் வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது. விரலை வைத்தாள். பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. அடப் பாவிகளா!

"தங்கச்சி!" கண்டி ஆபீஸ் கிளார்க் கஜேந்திரன் ஃபைலோடு நின்றார். "இதுல ஒரு சைன் வை."

இங்கிலீஷில் அடித்த தாள்.

"என்னா சேர் எழுதியிருக்கு?"

"சனிக்கிழமை நீ இடப்பக்கம் எறைக்க மறந்துட்ட. அவ்வளவுதான். மனுஷங்க மறக்கிறதுதானே. கம்பனி ஒன்ன விட்டுடாது."

"மறக்கல சேர். அறுபது இழுப்பு. ஒழுகுதுன்னும் சொன்னேன்."

"இஞ்ஜினியர்கிட்ட 'ஹரி'ன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். அது அவர் சொன்னதுக்கு..."

"அதத்தான் எழுதியிருக்கு. எல்லாம் சரியா இருக்குன்னு நீ சொன்னதா."

 சைன் வைக்காவிட்டால் வேலை போகும். வைத்தால் வேலையும் போகும், பொலிசும் வரும். இது தெரியாமலா தமிழ் பேசுகிற ஆளாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள்!

"அப்ப இது என்னா சேர்?" விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இன்னும் காயல. ஒழுகாத மிதவைக்கு எதுக்குப் பசை?"

அவர் விரலைப் பார்த்தார், மிதவையைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார். சுபாஜினி அந்த விரலைத் தாளின் நடுவில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். எழுத்துகளின் மேல் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

கஜேந்திரன் கோபப்படவில்லை. அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஃபைலிலிருந்து அதே தாளின் இன்னொரு கொப்பியை எடுத்து, அவள் கழுவிவிட்ட மிதவையின் மேல் விரித்தார்.

"போய்க் கையக் கழுவிட்டு வா," என்று பேனாவின் மூடியைக் கழற்றினார்.