நாலுக்கு மேலே யாரும் போகக் கூடாது

வலிக்குக்கூட சீனியாரிட்டி உண்டு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வலி டாக்டரின் அறைக்கு வெளியே நீளமாக ஒரு மர பெஞ்சு கிடக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை அதில் போய் உட்கார்ந்து பாருங்கள், நம்புவீர்கள். அத்தனை பேரும் ரிட்டயரான பட்டாளத்துக்காரர்கள். உள்ளே போனதும் டாக்டர் கேட்கிற முதல் கேள்வி, "ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள வலி எவ்வளவு, ஒரு நம்பர் சொல்லுங்க" என்பதுதான். கதவு பாதி திறந்தே கிடக்கும். யார் என்ன நம்பர் சொன்னார் என்பது பெஞ்சு முழுக்கக் கேட்கும்.

முதலில் உள்ளே போவது மேஜர். கண்ணிவெடியில் அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. "நாலு" என்பார், வெளியே வருவார். காலே போன மனுஷர் நாலு என்று சொன்ன பிறகு, ரெண்டு காலையும் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறவன் எந்த வாயால் அஞ்சு என்பான்? தோளில் குண்டுச் சிதறல் இருக்கிற சமையல்காரர் மூன்றரை. காது, கழுத்து இரண்டும் பழுதான ஒயர்லெஸ்காரர் மூன்று. யாரும் உத்தரவு போடவில்லை. அதுவாக அமைந்துவிட்டது.

நம்ம ஆள் பெயர் டபுள் கிளட்ச். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். அந்தக் காலத்து லாரியில் கியர் மாற்ற கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். அதில் இவர் புலி, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் லாரி பள்ளத்தில் உருண்டு முதுகில் இரண்டு எலும்பு நசுங்கிப் போயிற்று. நிஜத்தில் இவருக்கு வலி ஏழு. மழை வந்தால் எட்டு. டாக்டரிடம் சொல்வது மூன்று. வீட்டில் பெண்டாட்டி கேட்டாலும் அதே மூன்றுதான், பொய் சொன்னாலும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் அல்லவா?

இப்படியே பத்து வருஷம் ஓடியது. பழைய டாக்டருக்கு இவர்கள் குணம் தெரியும். நம்பரை இரண்டால் பெருக்கித்தான் மாத்திரை எழுதுவார். அவர் மாற்றலாகிப் போய் ஒரு டாக்டரம்மா வந்தாள். சின்ன வயசு, நல்ல மனசு, சொன்னதை அப்படியே நம்புகிற பெண். பெஞ்சில் ஒருத்தருக்கும் நாலுக்கு மேலே இல்லையா, ரொம்ப சந்தோஷம் என்று எல்லாருக்கும் வலி மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். "இவ்வளவு பலமான மாத்திரை உங்களுக்குத் தேவையே இல்லைங்க" என்றாள். இவரும் "சரிங்கம்மா" என்று விறைப்பாக நின்று சொல்லிவிட்டு வந்தார். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? திறக்கவில்லை.

அதன் பிறகுதான் வீட்டில் வந்தது வினை. அவருடைய பெண்டாட்டிதான் அந்தப் பேட்டை டிரைவிங் ஸ்கூலுக்கு முதலாளி. வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். அவள் வகுப்பு நேரம் போடுவாள், லைசென்ஸ் பேப்பர் பார்ப்பாள், ஆள் குறைந்தால் தானே வண்டியில் ஏறிச் சொல்லிக்கொடுப்பாள். டபுள் கிளட்ச் அவளிடம் சம்பளமில்லாத வாத்தியார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் கிளட்சைப் படக்கென்று விடுவார்கள், வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதிக்கும், இவர் முதுகில் இடி இறங்கும். மாத்திரை பாதியானதும் பொறுமையும் பாதியாகிவிட்டது. பல் டாக்டர் ஒருவரைப் பார்த்து, "பல்லைப் பிடுங்கற மாதிரி கிளட்சைப் பிடுங்காதய்யா" என்று நடுரோட்டில் கத்திவிட்டார். அந்த மனுஷர் நேராக ஆபீசுக்கு வந்து புகார் சொன்னார்.

"இது மூணாவது ஆளு" என்றாள் பெண்டாட்டி. "இன்னொரு புகார் வந்துச்சுன்னா வண்டியை விட்டு இறக்கிடுவேன். உள்ளே உட்கார்ந்து போர்டுல ரோட்டுச் சின்னம் சொல்லிக் குடுங்க."

"சரிங்க முதலாளி" என்று சிரித்து மழுப்பினார். ஸ்டீயரிங் பக்கத்தில் உட்காராத டபுள் கிளட்ச் என்ன டபுள் கிளட்ச்? வெறும் நசுங்கின எலும்பு.

மனுஷர் ஒரு கிறுக்கு வேலை செய்தார். பழைய டாக்டர் கொடுத்ததில் மிச்சம் வைத்திருந்த மாத்திரைகளை எடுத்துப் புது மாத்திரையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார். வலி அடங்கியது, குரல் பஞ்சாகியது. இரண்டு நாள் எல்லாரும் மெச்சினார்கள். மூன்றாம் நாள் புதன்கிழமை மத்தியானம், நாலு ரோடு கூடுகிற இடத்தில் யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி வண்டி பழக வந்த ஒரு நர்ஸ் பெண் வெலவெலத்துப் போய் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கிறது. "சார், இடதா வலதான்னு மூணு தடவை கேட்டேன். நீங்க தூங்கிட்டீங்க" என்றாள் அவள்.

அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிக்காதவர் அவர். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தார். பிறகு வண்டியை அங்கேயே பூட்டிப்போட்டுவிட்டு, நடந்தே மேஜர் வீட்டுக்குப் போனார்.

மேஜர் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். கழற்றி வைத்த செயற்கைக்கால் சுவரில் சாய்ந்து நின்றது.

"சார், ஒரு உதவி. உங்க நம்பரைக் கொஞ்சம் ஏத்துங்க."

"எந்த நம்பரய்யா?"

"வலி நம்பர். நீங்க எட்டுன்னு சொன்னாத்தான் நாங்க ஏழு, ஆறுன்னு சொல்ல முடியும். நாலுல நின்னுட்டீங்கன்னா நாங்கல்லாம் கீழே கிடந்து சாகறோம்." கூடவே அன்று மத்தியானம் நடந்த கூத்தையும் ஒன்று விடாமல் சொன்னார்.

மேஜர் கையிலிருந்த ரப்பர் துண்டைக் கீழே வைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட மடையா, எனக்கு வலி ஒண்ணுதான். சில நாள் அதுவும் இல்ல. மாத்திரையை விட்டே ஆறு வருஷமாச்சு, டாக்டர்கிட்டயும் சொல்லியாச்சு. செக்கப்புக்குத்தான் வர்றேன். ஒண்ணுன்னு சொன்னா நீங்கல்லாம் அரை, கால்னு சொல்லித் தொலைப்பீங்களேன்னுதான் உங்களுக்காக நாலுன்னு தூக்கி வச்சேன்."

டபுள் கிளட்சுக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

"நான் நம்பரை ஏத்தி உன் வலி குறையப்போறதில்ல" என்றார் மேஜர். "உன் நம்பரை நீ சொல்லு. கதவைச் சாத்திக்கிட்டு சொல்லு, வெக்கமா இருந்தா."

அடுத்த செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காமல் அன்று சாயங்காலமே டாக்டரம்மாவைப் பார்த்தார். கதவைச் சாத்தவில்லை. "ஏழும்மா" என்றார். சேர்த்துப் போட்ட மாத்திரை, வண்டியில் தூங்கியது எல்லாவற்றையும் கொட்டினார். டாக்டரம்மா திட்டவில்லை. மிச்ச மாத்திரைகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னாள். தூக்கம் வராத வேறு மாத்திரை எழுதினாள், முதுகுக்குப் பயிற்சி எழுதினாள். கடைசி வரியில், இரண்டு வாரத்துக்கு வண்டியில் ஏறக் கூடாது என்றும் எழுதினாள். அதைப் படித்ததும் அவர் முகம் தொங்கிப்போயிற்று. உண்மையைச் சொன்னதற்கு இதுதானா கூலி?

வீட்டுக்கு வந்து காகிதத்தை முதலாளி மேஜைமேல் வைத்தார். "எனக்கு வலி மூணு இல்ல. ஏழு. என்னைக்குமே மூணு இருந்ததில்ல. இன்னைக்கு வண்டியிலயே தூங்கிட்டேன். நீயே இறக்கி விட்டுடு" என்றார். இடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்.

இடி விழவில்லை. அவள் காகிதத்தைப் படித்தாள், பேனாவை மூடி வைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ எதுக்கு அழற? நான்தானே அழணும்."

"எனக்கு இந்தத் தோளு ஒரு வருஷமா தூக்க முடியலைங்க" என்றாள். "தலை பின்ன கையைத் தூக்கினா உசுரு போகுது. எலும்பு நசுங்கின மனுஷன் மூணுங்கிறாரு. வெறும் தோளை வச்சிக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட வலிக்குதுன்னு சொல்றது?"

டபுள் கிளட்ச் ஆடிப்போனார். மேஜருக்குக் கீழே தான் கிடந்ததாக நினைத்தாரே, தனக்குக் கீழே தன் வீட்டிலேயே ஒருத்தி கிடந்திருக்கிறாள். ஒரே கட்டில், ஒரே சமையலறை, ஒரு வருஷம். அவருக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

"எவ்வளவு? நம்பர் சொல்லு."

"அஞ்சு இருக்கும்."

"நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். கிளாஸெல்லாம் கேன்சல். நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன்."

மறுநாள் டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டாள். பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். சொல்லு என்பது போல அவர் தலையை ஆட்டினார்.

"எட்டும்மா" என்றாள்.

அங்கே மெத்தை போட்ட நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் அவர் உட்கார்ந்திருந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவளை அதில் உட்காரச் சொன்னார்.