குட வரிசையில் பாரி

எங்கள் வீட்டுப் புத்தர் ஃபிரிட்ஜ் மேல் ஏறியதற்கு என் வீட்டுக்காரர் தீனாதான் காரணம். புத்தர் படம் இருந்த மேசைதான் வேண்டும் என்று அடம் பிடித்து, அங்கே ஒரு பழைய பிரிண்டரைக் கொண்டுவந்து வைத்தார். காகிதத்தில் அடிக்கிற பிரிண்டர் இல்லை. பிளாஸ்டிக் கம்பியை உருக்கி, இடியாப்பம் மாதிரி சுற்றிச் சுற்றிப் பிழிந்து, கை, கால், பல்சக்கரம் என்று கேட்டதையெல்லாம் செய்துதருகிற பிரிண்டர். புத்தர் கோபப்படவில்லை. அவர் பங்குக்கும் சேர்த்து நான் பட்டேன்.

"நம்ம வூட்டுக்கு ஒரு ரோபோ செய்யப் போறேன்மே" என்றார்.

"இங்க நமக்கே குந்த எடம் இல்ல. ரோபோ எதுக்குய்யா?"

"ஒனக்குத்தான். தண்ணி புடிக்க."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் மசிந்துவிட்டேன். திருவொற்றியூரில் எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் கோடை வந்தால் குழாயில் காற்றுதான் வரும். லாரி வந்து தெருத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். அது வருகிற நேரமும் நான் எண்ணூர் பஸ் பிடிக்க வேண்டிய நேரமும் ஒன்று. அங்கே ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுகிற வேலை எனக்கு. இன்னும் நிரந்தரமாகவில்லை. "இந்த மாசம் இன்னொரு நாள் லேட்டா வந்தீங்கன்னா, அடுத்த மாசம் வரவே வேணாம்மா" என்று சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். தீனா துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியன், விடியும் முன்பே ஷிஃப்டுக்குப் போகிறவர். தண்ணீர் பிடித்தால் வேலை போகும், வேலைக்குப் போனால் தண்ணீர் போகும்.

அக்கம்பக்கத்தில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகலாமே என்பீர்கள். யாரிடம்? அந்த வரிசையில் நான் சண்டை போடாத ஆள் சாபிரா ஒருத்திதான். அவளுக்கு மஹீன் என்று ஒரு கைக்குழந்தை. அவளை நானே வரிசையில் நிற்க விடமாட்டேன், முன்னால் அனுப்பிவிடுவேன். அவள் தலையில் என் குடத்தையும் ஏற்றுவதா? மீதி எல்லாரிடமும் வாய்த்தகராறு. அதிலும் எதிர் பிளாக் ஜெயக்கொடி இருக்கிறாளே, நாம் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை, பத்தாவதைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன். அவளிடம் போய் என் குடத்தைப் பார்த்துக்கொள் என்று கேட்பதைவிடக் குளிக்காமலே இருந்துவிடலாம்.

அதனால் ரோபோவுக்குச் சம்மதித்தேன். முதலில் செய்த கைகளைத் தீனா பெயின்ட் காயட்டும் என்று மொட்டைமாடியில் வைத்தார். நம்ம ஊர் மே மாத வெயில். சாயங்காலம் போய்ப் பார்த்தால் இரண்டும் வெந்த முருங்கைக்காய் மாதிரி தொங்கிக் கிடந்தன. வேறு பிளாஸ்டிக் வாங்கி, ஒரு கை பச்சையிலும் ஒரு கை ரோஸிலுமாக மறுபடி அடித்தார். தலை அடிக்கும்போது மூக்கு வருகிற நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

"மூக்கு எங்கய்யா?" என்றேன்.

"இல்லாட்டி இன்னா? அதுக்கு சளியா புடிக்கப் போவுது?"

குடம் வைக்கிற இரும்புத் தள்ளுவண்டிதான் அதற்குக் கால். பழைய லாரி வைப்பர் மோட்டாரை அதில் பூட்டினார். பின்னால் போகும்போது கத்துவதற்கு டிரெய்லர் லாரி ஹாரன் ஒன்று. வண்டிமேல் தலையும் கையுமாக இருக்கிற மேல் பாதியை டிபன் கேரியர் மாதிரி கழற்றித் தூக்கிவிடலாம், உள்ளே வெறும் கூடுதான். பழைய செல்போன் ஒன்று கண்ணுக்கு. பாரி என்று பேர் வைத்தார்.

மூளை எங்கள் வீட்டு ஜன்னலில் வளர்ந்தது. வாரக்கணக்கில் ஜன்னலில் போனைக் கட்டிவைத்து, குட வரிசையில் நான் செய்வதையும் பேசுவதையும் படம் பிடித்துப் பாரிக்குக் காட்டினார்.

"ஏஐன்னா அப்டித்தான்மே. நாம ஒண்ணியும் சொல்லித்தர வாணாம். நீ இன்னா பண்றியோ அத்தப் பாத்துக்கினே அதுவே கத்துக்கும்."

முதல் தடவை சுவிட்சைப் போட்டதும், பாரி மூக்கில்லாத முகத்தைத் திருப்பி, அச்சு அசல் என் குரலில், "கொடத்துல கை வெச்ச, கை இருக்காது!" என்றது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பத்து மாசம் சுமந்து பெற்றிருந்தாலும் இவ்வளவு என்னைப்போல் வந்திருக்காது.

மறுநாள் காலை எங்கள் நாலு குடத்தோடு வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன். எங்கள் வரிசையில் ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. குடம் கையில் இல்லாவிட்டால் செங்கல், செருப்பு எதுவும் செல்லும். டீக்கடை நீலமேகம் உடைந்த ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போவார், யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

"இன்னாடி இது மூக்கறுந்தது?" என்று ஆரம்பித்தாள் ஜெயக்கொடி. "கொடத்துக்கு எடம் உண்டு, ஆளுக்கு எடம் உண்டு. இது ரெண்டுமில்ல. எட்த்துகினு போ."

"செங்கல்லுக்கே எடம் குடுக்கறோமேக்கா" என்றாள் சாபிரா. "இது பேசவாவது செய்யுது."

நீலமேகம் தன் ஹெல்மெட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். தீர்ப்பு ஆகிவிட்டது. நான் பஸ்ஸுக்கு ஓடினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தரைத்தளத்தில் எங்கள் வாசலில் நாலு குடமும் தளும்பிக்கொண்டு நின்றன. ஜெயக்கொடி ஒரு குடத்தை நகர்த்தப் பார்த்தாளாம், பாரி போட்ட சத்தத்தில் லாரிக்காரரே இறங்கி வந்துவிட்டாராம். அன்றைக்கு இரவு தீனாவுக்கு வஞ்சிர மீன் வறுத்துப் போட்டேன்.

அடுத்த நாள் யார்டில் இருக்கும்போது, யாரோ எடுத்த வீடியோ ஒன்றைச் சாபிரா அனுப்பினாள். சாபிரா குழந்தையோடு வருகிறாள். பாரி என் குரலில், "கொழந்த கீதுல்ல, நீ முன்னால போ" என்கிறது. ஹாரன் கத்த ஒரு இடம் பின்னால் போகிறது. சரிதான், நான் அவளிடம் தினமும் சொல்வதுதான். அடுத்து வந்தவள் இடுப்பிலும் ஒரு குழந்தை. "கொழந்த கீதுல்ல, நீ முன்னால போ." ஹாரன். அதற்கு அடுத்தவள் இடுப்பிலும் குழந்தை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாம் ஒரே குழந்தை! மஹீனை இடுப்புக்கு இடுப்பு கைமாற்றிக்கொண்டு தெருவே முன்னால் போகிறது. கல்யாணமே ஆகாத நீலமேகம், அத்தனை பெரிய மீசையோடு, மஹீனை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிறார். பாரி அவருக்கும் மரியாதையாக வழிவிடுகிறது. மஹீனுக்கு ஒரே சிரிப்பு.

உடனே ஓடிப்போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன், போனால் வேலை போய்விடும். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது யார் யாரை என்ன என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஜெயக்கொடிக்கு மட்டும் தனியாக ஒன்று வைத்திருந்தேன்.

புடவையைச் செருகிக்கொண்டு தெருவில் நுழைந்தால், வாசலில் நாலு குடமும் தட்டு போட்டு மூடி, நிறைய நிற்கின்றன. பக்கத்துப் படிக்கட்டில் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா மொறைக்கற? மொத ஆளா நின்ன வண்டி, பின்னாலயே போயிப் போயி தெருமுனைல நின்னுது" என்றாள். "கடைசி ஆளு நான். எனக்கு இன்னா புள்ளையா குட்டியா? நானும் மஹீன வாங்கி இடுப்புல வெச்சுகினு, சும்மா தமாசுக்குத்தான் போனேன்."

ஒரு குடத்தின் மேலிருந்த தட்டைச் சரியாக நகர்த்தி வைத்தாள்.

"நீ முன்னால போன்னு சொல்லிச்சு. ஒன் கொரலு. இத்தினி வருசத்துல நீ என்னாண்ட அப்டி ஒரு வார்த்த சொன்னதில்ல ரமா."

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, செருகிய புடவையை இறக்கிவிட்டேன்.

"அதுக்கப்பறம் தொட்டி காலி. இது வெறுங் கொடத்தோட நின்னுகினே கீது. பாக்க சகிக்கல. ஆளுக்குக் கொஞ்சம் ஊத்தினோம். நீலமேகம் ஒரு முழுக் கொடம், அவரு சிரிச்ச சிரிப்புக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சண்டைக்கு வந்தவள் அழுதால் மானம் போய்விடும் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

தீனா ஷிஃப்ட் முடிந்து வந்து விஷயம் கேட்டு, தலையில் அடித்துக்கொண்டார். "ரிவர்ஸ் எட்த்து எட்த்து மோட்டாரு பொகைஞ்சுபோச்சுமே. சரி பண்ண நாளாவும். அந்தக் கொழந்த மேட்டரையும் மொதல்ல அழிச்சுடறேன்."

"அதுல கை வெச்ச, கை இருக்காது!" என்றேன். பாரி சொல்கிற அதே மாதிரி வந்தது.

காலையில் லாரி வந்தது. பாரி படுத்துவிட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வேறு வழியில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போய் ஜெயக்கொடி முன்னால் நின்றேன்.

"அக்கா." எனக்கே அந்த வார்த்தை புதுசாக இருந்தது. "நா வேலைக்குப் போவணும். என் கொடத்தக் கொஞ்சம் பாத்துக்கறியா?"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஜெயக்கொடி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இடுப்புல கொழந்த கீதா?"

விடுவேனா? வீட்டுக்குள் போய்ப் பாரியின் மேல் பாதியைக் கழற்றி, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். மூக்கில்லாத தலை என் தோளில் சாய்ந்தது. தெரு கொல்லென்று சிரித்தது. ஜெயக்கொடி மட்டும் சிரிக்காமல், தன் குடத்தைப் பின்னால் இழுத்து, என் குடத்தை அந்த இடத்தில் வைத்தாள்.

"நீ முன்னால போ" என்றாள். "பஸ்ஸு போயிடப் போவுது, ஓடு."

ஓடினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், பாரி இன்னும் என் இடுப்பில்தான் இருந்தது. யார்டு வாசலில் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, என் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.