பட்டாளத்தாரின் இரண்டாம் அடக்கம்

"கட்டறதக் கட்டுங்கடா. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தனும் தோள்ல ஏத்தப்படாது."

சின்னண்ணன் இவ்வாறு சொன்னதும், பாடையின் கடைசிக் கட்டைப் போட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றுவிட்டன. ஈர வேட்டியுடன் தந்தையாரின் தலைமாட்டில் நின்றிருந்த நாச்சிமுத்து, சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் மேற்கே பார்த்தான். வெயில் பனைகளின் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. பொழுது சாய்ந்துவிட்டால் இன்று அடக்கம் இல்லை. விடியற்காலையில் உயிர் அடங்கிய உடம்பு, இந்தச் சித்திரை வெக்கையில் மறுநாள் வரை தாங்காது.

தடையாக இருந்தது ஒரே ஒரு காரியம். அவனுடைய தாயார் கண்ணாத்தாளின் கழுத்தில் தாலி இன்னும் இருந்தது. அதை வாங்காமல் பாடை எடுக்கும் வழக்கம் அந்தப் பங்காளிகளிடையே இல்லை. கண்ணாத்தாளோ நிலைப்படியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தவர், காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"நங்கையா," என்று சின்னண்ணன் குரலைத் தணித்து அண்ணன் மனைவியை அழைத்தார். "ஊரு ஒலகத்துல இல்லாததையா கேக்கறோம்? வாசலுக்கு வாங்க. ஒரு நிமிசத்துக் காரியம்."

"ஒருக்கா வந்துட்டனப்பா. அது போதும்."

அவர் எதைச் சொல்கிறார் என்பதை அறியாதவர் அங்கே எவரும் இல்லை.

இப்போது பாடையில் கிடந்த நாச்சிமுத்துவின் தந்தை வெள்ளியங்கிரி, முதல் உலகப் போரின்போது நாமக்கல் சந்தைக்கு மாடு விற்கப் போய், ஆள் எடுக்க வந்தவர்களின் பின்னால் நடந்துவிட்டவர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. காலாட்படையில் சாதாரணச் சிப்பாயாகக் கப்பலேறி பஸ்ராவில் இறங்கினார். மறு வருடமே துருக்கியரிடம் பிடிபட்டுப் பாலைவனத்தின் வழியே நடத்திச் செல்லப்பட்டார். ஊருக்கு வந்த காகிதத்தில் ஆளைக் காணவில்லை என்று மட்டுமே இருந்தது. பங்காளிகள் ஒரு வருடம் காத்துப் பார்த்தார்கள். பின்னர், வெள்ளியங்கிரிக்குச் சித்தப்பா முறையான சின்னண்ணனின் தகப்பனார் முன்னின்று சோளத்தட்டில் ஓர் ஆளைச் செய்து, வெள்ளியங்கிரியின் பழைய வேட்டியை அதற்குக் கட்டிவிட்டு இடுகாட்டில் அடக்கம் செய்தார். அன்றைக்குத்தான், பதினேழு வயதுக் கண்ணாத்தாளை இதே வாசலில் உட்கார வைத்துத் தாலி வாங்கினார்கள்.

இரண்டு வருடங்கள் கழித்து ஒரு நண்பகலில் வெள்ளியங்கிரி, நுனி அறுந்துபோன இடது காதுடன் ஊருக்குள் நடந்து வந்தார். கிணற்றடியில் வெள்ளைச் சேலையுடன் நின்ற மனைவியைப் பார்த்து, "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டாராம். அதற்கு அம்மா என்ன சொன்னார் என்பதை நாச்சிமுத்து இந்த நாற்பத்தெட்டு வயது வரை கேட்டறிந்ததில்லை.

ஊர் அவரை எட்டு நாள் காட்டுச் சாளைக் குடிசையில் தனியே இருக்க வைத்துத் தலை மழித்த பிறகே உள்ளே விட்டது. காரியம் முடிந்துபோன ஆள் மறுபடி தாலி கட்டுவதற்கு என்ன முறை என்று எவருக்கும் தெரியவில்லை. அவரே ஒரு கயிற்றில் மஞ்சளைத் தேய்த்துக் கட்டினார். அதன் பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஏர் பிடித்தார். போரைப் பற்றி வாய் திறந்ததில்லை. விடிந்ததும் போர்வையை மூலை பிசகாமல் மடித்து வைப்பார். பேரீச்சம்பழத்தை வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார். அவரிடம் எஞ்சிய பட்டாளம் அவ்வளவுதான். ஊருக்கு மட்டும் அவர் கடைசிவரை பட்டாளத்தார்.

"அத்தை, பொறந்தவன் ஊட்டுக் கோடி கொண்டாந்திருக்கேனுங்க," என்று காளியப்பன் தயங்கியபடி முன்னே வந்தான். கண்ணாத்தாளின் அண்ணன் மகன். பரமத்தி வேலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவன். அவன் கையிலிருந்த மஞ்சள் பைக்குள், தாலி வாங்கியதும் போர்த்துகிற வெள்ளைச் சேலை தெரிந்தது.

"அது ஒருத்திக்கு ஒருக்காத்தான் வரும், சாமி. உங்கப்பன் அன்னைக்கே கொண்டாந்து போட்டாச்சு. நீ கொண்டுபோயிப் பருப்புக் காயப்போடு."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சின்னண்ணனின் முகம் கறுத்தது.

"அன்னைக்கு நடந்தது தப்புத்தானுங்க. எங்கப்பன் செஞ்ச தப்பு, நானே ஒத்துக்கறேன். அதுக்காக மொறையை உட்டற முடியுமா? இன்னைக்கு ஆளு கண்ணு முன்னால கெடக்குதே!"

"அன்னைக்கும் கெடக்குதுன்னுதான் உங்கப்பன் சொன்னாரு. வேட்டி கூடக் கட்டியிருந்துச்சு."

சின்னண்ணன் பெண்கள் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். இரண்டு பேர் எழுந்து போய்க் கண்ணாத்தாளின் மணிக்கட்டுகளைப் பிடித்தார்கள். நாவிதர் மணியன் தம் பையிலிருந்து சிறு கத்தியை எடுத்தார். எடுத்தவர் நேரே அங்கே போகாமல் நாச்சிமுத்துவின் முன்னால் வந்து நின்றார்.

"கொடம் எடுக்கறவரு சொல்லோணுமுங்க. நீங்க தலையாட்டுங்க சாமி, நான் செய்யறேன்."

சித்தப்பாவின் பேச்சுக்கு எதிராக நாச்சிமுத்து இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. வருகிற தையில் அவன் மகளுக்குக் கல்யாணம். பங்காளிகள் பந்தலில் வந்து நிற்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் படியேற மாட்டார்கள். தலையை ஒருமுறை அசைத்தால் போதும், எல்லாம் முறைப்படி நடந்துவிடும். அவன் நிலைப்படியைப் பார்த்தான். அம்மா கைகளை உதறவில்லை, அழவுமில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாமுங்க," என்றான்.

"என்னங்க?" என்று மணியன் காதைக் கொடுத்தார்.

"வேண்டாம். எங்கம்மாவை உட்டுருங்க."

மணிக்கட்டுகளைப் பிடித்திருந்த கைகள் விலகின. சின்னண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப உங்கப்பனை நீயே தூக்கிக்க. எந்திரிங்கடா!"

அவர் பின்னால் ஏழெட்டுப் பேர் நகர்ந்தார்கள். வாசல் திடீரென்று அகன்றுபோனது போல் இருந்தது. நாச்சிமுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நீர்க்குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். காளியப்பன் மஞ்சள் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து தலைமாட்டு மூங்கிலைப் பற்றினான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கால்மாட்டில் ஒரு மூலை காலியாகவே இருந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி குனிந்து நின்றார்கள்.

வேலிப் படல் வரை போன சின்னண்ணன் அங்கிருந்து திரும்பிப் பார்த்தார்.

"மூணு பேரு தூக்குனா எங்கண்ணன் உருண்டு உழுந்துருவாருடா, மடப்பசங்களா!"

விறுவிறுவென்று வந்து நான்காவது மூலையில் தோளைக் கொடுத்தார். நிமிரும்போது நாச்சிமுத்துவின் காதருகே, "தைக்கு உம்பட பந்தல்ல எவன் வந்து நிக்கறான்னு பாக்கறேன்," என்றார். பாடை உயர்ந்தது.

அடக்கம் முடித்து, வழியிலிருந்த கிணற்றில் தலை முழுகிவிட்டு நாச்சிமுத்து வீடு திரும்பியபோது இருள் கட்டத் தொடங்கியிருந்தது. சின்னண்ணன் அவனோடு ஒரு வார்த்தை பேசாமல் குறுக்குப் பாதையில் போய்விட்டார். விளக்கைக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தவனை அம்மா நிலைப்படியிலிருந்து அழைத்தார்.

"மண்ணுத் தள்றதுக்கு முன்னால மொகத்தைப் பாத்தியா?"

"பாத்தேனுங்கம்மா."

"நல்லாப் பாத்தியா?"

"துணிய வெலக்கிப் பாத்தேனுங்க."

"எடது காது?"

"நுனி இல்லீங்கம்மா. அவருதானுங்க."

கண்ணாத்தாள் இரண்டு கைகளையும் பிடரிக்குக் கொண்டுபோனார். போன ஆடிப் பதினெட்டில் கயிறு மாற்றியபோது பட்டாளத்தார் போட்ட முடிச்சு; மூன்று சுற்று சுற்றி இறுக்கியது. நாச்சிமுத்துவின் மனைவி சௌந்திரம் உதவிக்கு ஓரடி எடுத்து வைத்தாள். அவர் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, கயிற்றின் முனையை நகத்தால் தேடிக்கொண்டிருந்தார்.